எந்த உயிரும் அடிபடாத பரிசு

இந்த டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலையில் என் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. ஒரு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். நான் மெஷினில் உட்கார்ந்து யாரோ ஒரு அம்மாவின் பட்டு ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை தைத்துத்தான் முப்பது வருஷமாகப் பிழைப்பு. மயிலாப்பூரில் கடலைப் பார்த்துப் போகிற தெருவில் மாடி வீடு. கீழே நின்று பெல் அடித்தால் ஜன்னல் வழியாகக் கத்துவேன், அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேர் அளவு ரவிக்கையை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மெசேஜ் இதுதான். “அம்மா, நாளைக்கு மத்தியானம் வரேன். ஒரு மணி நேரம் இருப்பேன். புனேவுல வேலை கிடைச்சிருக்கு. போறதா வேணாமான்னு வீட்டுக்கு வந்துட்டுத்தான் முடிவு பண்ணணும். எனக்கு எதுவும் வாங்காதே. வாங்கித்தான் ஆகணும்னா எந்த உயிரும் அடிபடாததா இருக்கட்டும். பிளாஸ்டிக்கும் வேணாம்.”

படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. எந்த உயிரும் அடிபடாததா இருக்கட்டுமாம். யாருக்குச் சொல்கிறாள்? ஆட்டுக்கும் மாட்டுக்குமா? எனக்குத்தான் குத்துகிறாள். பெற்ற தாய்க்கு எழுதுகிற லட்சணமா இது? கையிலிருந்த ரவிக்கையைச் சுருட்டிச் சுவரில் அடித்தேன். பட்டுத் துணிக்குச் சத்தம் வராது, அதனால் கோபம் இன்னும் ஏறியது. பக்கத்தில் இருந்த பொத்தான் டப்பாவையும் எடுத்து அடித்தேன். வீடு பூராவும் பொத்தான் ஓடியது.

என் வீட்டுக்காரர் லைப்ரரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வீட்டிலும் லைப்ரரி மாதிரியே சத்தமில்லாமல் இருந்து பழகிவிட்டார். போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். “வரேன்னு சொல்லியிருக்கால்ல, அதைப் பாரு” என்றார். குனிந்து பொத்தான் பொறுக்க ஆரம்பித்தார்.

போன வருஷக் கிறிஸ்துமஸில் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும்.

அவள் அப்போது தேனாம்பேட்டையில் ஒரு ஆபீஸில் படம் வரைகிற வேலையில் இருந்தாள். தெருவில் யாரோ கட்டையால் அடித்துப் போட்ட ஒரு நாயைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்தாள். நாய் பிழைத்தது. அதிலிருந்து கறியை விட்டாள், முட்டையை விட்டாள், பாலை விட்டாள், தோல் செருப்பைக் குப்பையில் போட்டாள். வீகனாம். வயசுக் கோளாறு, நாலு நாளில் பிரியாணி வாசனை வந்தால் தானாக இறங்கி வருவாள் என்று நான் விட்டுவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்றைக்கு, நாத்தனார் குடும்பம் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, நான் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய காஞ்சிபுரம் பட்டுப் புடவையை அவள் மடியில் வைத்தேன். அவள் விரலால்கூடத் தொடவில்லை. “இதுக்கு எத்தனை புழுவைக் கொதிக்கிற தண்ணியில போட்டாங்கன்னு தெரியுமாம்மா?” என்றாள்.

நாத்தனார் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. என்னை யாரும் கெடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் பட்டு ரவிக்கை தைத்து அந்தக் காசில் நான் படிக்க வைத்த பெண் என்னைக் கொலைகாரி என்கிறாள் என்று தோன்றியது. கையில் பிரியாணி கிளறிய இரும்புக் கரண்டி இருந்தது. கை நீட்டிவிட்டேன். அவள் தலையைத் திருப்பினாள், கரண்டி விளிம்பு இடது புருவத்துக்கு மேலே பட்டுக் கிழித்தது. புடவை மேல் ரத்தம் சொட்டியது. அரக்குக் கலர் புடவை, ரத்தம் பட்டதே தெரியவில்லை. கேவலம், அந்த நேரத்திலும் அதைத்தான் என் கண் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் நாலு தையல். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்” என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அடையாறில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

எங்களுடையது அடித்து வளர்க்கிற குடும்பம். என் அப்பா பெல்ட்டால் அடிப்பார். அம்மா கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள், மரஸ்கேல், துடைப்பம், விறகு. அந்த ஒரு வருஷத்தில் இதையெல்லாம் யோசித்திருக்கிறேன். அப்பாவின் பெல்ட் மாட்டுத் தோல். அம்மா எடுத்ததெல்லாம் மரத்திலிருந்தும் செடியிலிருந்தும் வந்தது. அவள் சுத்த வீகனாகத்தான் எங்களை அடித்திருக்கிறாள். ஒருநாள் இது தோன்றித் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்த வாய் அப்படியே கோணி அழுகையில் போய் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யார் வெளியே கிளம்பினாலும் எங்கள் வீட்டில் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டுத்தான் அனுப்புவோம். பள்ளிக்கூடம் போனாலும் சரி, தெருமுனைக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் சரி. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அறை வாங்கியிருந்தாலும் வாசலில் வந்து நெற்றியைக் காட்டுவாள் என் மகள். அடித்த கையாலேயே சிலுவை போடுவேன். அந்த ஆஸ்பத்திரி நாளில்தான் முதல் தடவையாகச் சிலுவை வாங்காமல் போனாள். நெற்றியில் இடமும் இல்லை, கட்டுப் போட்டிருந்தது.

சரி, மெசேஜுக்கு வருகிறேன். கையில் ஒரே ஒரு நாள். திட்டிக்கொண்டேதான் கிளம்பினேன், ஆனால் கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை கோட்டை விட்டால் புனேதான். அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

முதலில் மாட வீதிப் பக்கம் ஒரு ஸ்வீட் கடைக்குள் நுழைந்தேன். வாசலில் சுத்த சைவம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அப்பாடா, ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது என்று ஒரு கிலோ மைசூர்பாகு நிறுக்கச் சொன்னேன். பெருமையாகப் போன் போட்டுச் சொன்னதும் வீட்டுக்காரர், “நெய் மாட்டுக்கிட்டேருந்து வர்றதும்மா” என்றார். எனக்கு உறைக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. வாழ்நாள் பூரா கறி சாப்பிடாதவர்களுக்கு மத்தியில் வாழ்ந்திருக்கிறேன், அவர்கள் வீட்டில் நெய் இல்லாமல் இலை போட்டுப் பார்த்ததில்லை. சைவம் என்றால் பாலும் நெய்யும்தான் என்று மூளையில் பதிந்து கிடக்கிறது.

“பால், நெய், தேன் எதுவும் இல்லாம என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“மாமி, எல்லாமே சுத்தமான பசு நெய்ல பண்றது. நீங்க கண்ணை மூடிண்டு வாங்கிக்கலாம்” என்றார் கடைக்காரர்.

“கண்ணைத் திறந்துக்கிட்டுதான் கேக்கறேன். இல்லாதது எது?”

“அதுன்னா… மிக்சர்.”

கிறிஸ்துமஸுக்கு ஒரு வருஷம் கழித்து வருகிற பெண்ணுக்கு மிக்சர் பாக்கெட் நீட்டவா? நிறுத்த மைசூர்பாகு டப்பாவைத் தட்டிவிட்டேன். ஒரு துண்டு கீழே விழுந்தது. பின்னால் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறித் தி.நகர் என்றேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். “இன்னாம்மா, நாளிக்கி பண்டிக, இன்னிக்கி இம்மாங் கோவம் இன்னாத்துக்கு?”

“பொண்ணுக்குப் பரிசு வாங்கணும்.”

“அதுக்கா இப்டி மூஞ்ச வச்சிக்கினு கீற? நான் கூட யாரையோ வெட்டப் போறன்னு நென்ச்சேன்.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ரங்கநாதன் தெருவில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நடப்பதை நடை என்று சொல்ல முடியாது. பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள், நாம் போய்ச் சேருவோம். ஒரு கைப்பைக் கடைக்குள் தள்ளப்பட்டேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் கடை. நான் கேட்பதற்கு முன்பே பத்துப் பையை முன்னால் போட்டார்.

“தோல் இல்லையே?” என்றேன்.

“தோலா? சேச்சே, சுத்த ரெக்ஸின்க்கா.”

“ரெக்ஸின்னா பிளாஸ்டிக்தானே?”

“ஆமாக்கா, நீங்க தூக்கிக் குப்பையில போட்டாலும் நூறு வருஷத்துக்கு மக்காது பாத்துக்கிடுங்க” என்றார் பெருமையாக.

தோலும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் வேண்டாம் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்போ மஞ்சப்பைதான்க்கா இருக்கு. அது ஏதாச்சும் வாங்குனா ஓசியா குடுக்கோம்.”

அவர்மேல் தப்பில்லை. ஆனாலும் பையை மேஜையில் ஒரு அடி அடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். வெளியே வந்ததும் கூட்டத்தில் ஒருத்தன் முழங்கையை என் மார்பில் வைத்து அழுத்தினான். தெரியாமல் பட்டதா தெரிந்து பட்டதா என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? திரும்பி விட்டேன் ஒரு அறை. சத்தம் பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அவன் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றியிருந்த பெண்கள் “நல்லா குடுத்தீங்க”, “இன்னும் ரெண்டு போடுங்க” என்றார்கள். போட்டேன். அவன் உதடு கிழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாள் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது அந்த நிமிஷம் மட்டும்தான். அவனை அடித்ததற்கு இன்றைக்கும் வருத்தமில்லை. ஆனால் உள்ளங்கை எரிந்தது பாருங்கள், அந்த எரிச்சல் எனக்குப் பழக்கமான எரிச்சல். அவள் ஐந்தாவது படிக்கும்போது, எட்டாவது படிக்கும்போது, காலேஜில் சேர்ந்த பிறகும், அவளை அடித்துவிட்டு இதே கையை இதே மாதிரி புடவையில் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவனுக்குக் கொடுத்ததும் அவளுக்குக் கொடுத்ததும் ஒரே கைதான், ஒரே வேகம்தான். தெருவிலேயே ஒரு ஓரமாக நின்று தண்ணீர் வாங்கிக் கையில் ஊற்றிக்கொண்டேன்.

அடையாறில் இயற்கைப் பொருள் கடை ஒன்று இருப்பதாக ஒரு ரவிக்கைக்காரம்மா சொன்னது ஞாபகம் வந்தது. போனேன். குளுகுளுவென்று ஏசி, எலுமிச்சம்புல் வாசனை. மூங்கில் டூத் பிரஷ், கொட்டாங்குச்சி சோப்பு டப்பா, விதை வைத்த பென்சில். அங்கே இருந்த சின்னப் பெண்ணிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். சொன்ன மாத்திரத்தில், “வீகன் கிஃப்டா ஆன்ட்டி? ஈஸி” என்று ஒரு மரச்சீப்பை எடுத்து நீட்டினாள். “வேப்ப மரம் ஆன்ட்டி. கொம்புச் சீப்புக்குப் பதிலா எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க.”

“சீப்பெல்லாம் ஒரு பரிசா? என் பொண்ணுக்கு என்ன தலையில பேனா?” என்று கத்தினேன். கத்தின வேகத்தில் சீப்பை மேஜையில் வீச, ஒரு பல் உடைந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. அவள் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டி நின்ற விதத்தைப் பார்த்ததும் காசை மேஜையில் வைத்துவிட்டு, சீப்பைக்கூட எடுக்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வெறுங்கையோடு நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர் காப்பி கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, “அவளுக்குக் கல்கல்னா உயிராச்சே” என்றார்.

எங்கள் வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் கல்கல்தான். மாவைக் கோலிக்குண்டு அளவு கிள்ளி, ஒரு சீப்பின் முதுகோரத்துப் பல்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டினால், வரிவரியாகச் சிப்பி மாதிரி வரும். எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவோம். அவள் மூன்று வயதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டியவள். போன வருஷம் அவள் தொடவில்லை. முட்டை, வெண்ணெய், பால் எல்லாம் அதில் உண்டு.

“முட்டைக்குப் பதிலா தேங்காய்ப்பால் ஊத்து” என்றார் அவர். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் எனக்குச் சமையல் சொன்னது அன்றுதான்.

அவர் தேங்காய் துருவினார். நான் பால் பிழிந்தேன். வெண்ணெய்க்குப் பதில் செக்குத் தேங்காயெண்ணெய் காய்ச்சி மாவில் விட்டேன். நாட்டுச்சர்க்கரை. மாவைப் பிசைய ஆரம்பித்தபோது அன்றைக்குச் சேர்ந்த கோபம் எல்லாம் கைக்கு வந்தது. குத்தினேன், அறைந்தேன், தூக்கித் தூக்கிப் பலகையில் அடித்தேன். மாவுக்கு வலிக்கவில்லை, பஞ்சு மாதிரி ஆனது. பிறகு பீரோவிலிருந்து எங்கள் கறுப்புச் சீப்பை எடுத்துக் கழுவினேன். கல்யாணமான வருஷம் மாதா கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது. தலை வாருவதற்கில்லை, கல்கலுக்கு மட்டும்தான். வருஷத்தில் ஒருநாள் வெளியே வரும், மறுபடி துணி சுற்றி உள்ளே போய்விடும். ஒவ்வொன்றாகச் சுருட்டினேன். ஒன்று கோணினாலும் பிரித்து மறுபடி சுருட்டினேன். இவ்வளவு நேரம் என் கை இவ்வளவு மெதுவாக ஒரு வேலை செய்து எனக்கே ஞாபகமில்லை. பிளாஸ்டிக் டப்பா கிடையாது. எவர்சில்வர் தூக்கைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அதில் நிறைத்தேன். வாய்க்கு ஒரு புது நூல் துணி கட்டினேன். பார்த்தாயா மாதாவே, ஒரு உயிரும் அடிபடவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பூசைக்குப் போய்விட்டு வந்து சமைத்தேன். தேங்காய்ப்பால் சாதம், வாழைப்பூ வடை, காளான் குருமா. பன்னிரண்டு மணிக்கு அவள் வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இடது புருவம் நடுவில் பிரிந்து இருந்தது, தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வா” என்றேன். “ம்” என்றாள்.

சாப்பிட்டாள். இரண்டாவது தடவை வடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நாய் ஹாஸ்டல்காரம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போய் இப்போது அவரோடுதான் தூங்குகிறது என்றாள். வீட்டுக்காரர் சிரித்தார். ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். நான் ரொம்பப் பேசவில்லை. பேசினால் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தூக்கை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். துணியை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் முகம் மாறியது, சின்ன வயசில் பார்த்த முகம்.

“முட்டை?”

“இல்லடீ. தேங்காய்ப்பால்.”

“வெண்ணெய்?”

“செக்கு எண்ணெய். உங்கப்பாவைக் கேளு, நேத்து அவர்தான் தேங்காய் துருவினாரு.”

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நகத்தால் அதன் வரிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். வரிசை தப்பாத வரிகள். “அந்தக் கறுப்புச் சீப்பு இன்னும் இருக்காம்மா?” என்றாள்.

“இருக்கே, அது எங்கே போகும்” என்றேன். சொல்லி வாய் மூடவில்லை. அடையாறு கடைப் பெண்ணின் குரல் காதுக்குள் வந்தது. கொம்புச் சீப்புக்குப் பதிலா.

அது எருமைக் கொம்பு. முப்பது வருஷமாக அதைச் சீப்பாகத்தான் பார்த்தேனே தவிர எருமையாகப் பார்த்ததில்லை. முட்டையைப் பார்த்தேன், பாலைப் பார்த்தேன், டப்பாவைக்கூடப் பார்த்தேன். ஒரு செத்த மாட்டின் கொம்பில் அழுத்தி அழுத்தி இருநூறு தடவை சுருட்டியிருக்கிறேன்.

அவள் கல்கலை வாய்க்குக் கொண்டுபோனாள்.

“தின்னாதேடீ!” என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். தட்டிவிடத்தான் கையை ஓங்கினேன். சத்தியமாகத் தட்டிவிடத்தான்.

அவளுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. நாற்காலியோடு பின்னால் சரிந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேல் போனது, முழங்கால் மார்புக்கு வந்தது. “அடிக்காதேம்மா அடிக்காதேம்மா” என்றாள். இருபத்தாறு வயசுப் பெண். குரல் ஐந்து வயசுக் குரல். தூக்கு உருண்டு கல்கல் தரையெல்லாம் சிதறியது. என் வீட்டுக்காரர், ஒருநாளும் எழுந்து வராத மனுஷன், எங்கள் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். “போதும்” என்றார். “போதும், போதும்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதற்கு முன்னால் எத்தனையோ தடவை கையை ஓங்கியிருக்கிறேன், ஓங்கின பிறகு எதிரே இருக்கிற முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். யேசுவே, என் எதிரிக்கும் அதைக் காட்டாதே.

“சீப்பு” என்றேன். “கொம்புச் சீப்பும்மா. மாட்டுக் கொம்பு. நான் யோசிக்கவே இல்ல. நீ தின்னுடப் போறியேன்னு தட்டிவிட வந்தேன். உன்னை அடிக்க வரல. அடிக்க வரலடீ.” தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் மெதுவாகக் கையை இறக்கினாள். என்னைப் பார்த்தாள், தரையில் கிடந்த கல்கலைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்மா” என்றாள். “வரியைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. அதான் சீப்பு இருக்கான்னு கேட்டேன்.”

“தெரிஞ்சுமா தின்னப் பார்த்தே?”

“நீ ஒவ்வொண்ணா உக்காந்து சுருட்டியிருக்கே. சாப்பிடலாம்னு தோணிச்சு.”

அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். அழுகைக்கு நடுவில் இத்தனை நாள் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். “டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். நீ வழுக்கி விழல. நான்தான் அடிச்சேன். தப்பு என்மேலதான். புடவைமேல இல்ல, உங்க அத்தை சிரிச்சதுமேல இல்ல. என்மேல.”

“தெரியும்மா” என்றாள். “என் தலைதானே.”

மூன்று பேரும் தரையில் தவழ்ந்து கல்கல் பொறுக்கினோம். தரையைக் காலையில்தான் துடைத்திருந்தேன். அவள் ஒவ்வொன்றாக ஊதித் தூக்கில் போட்டாள். ஒரு மணி நேரம் என்று வந்தவள், ஒன்றே கால் மணி நேரம் இருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள், “நான் புனே போறேம்மா. வரும்போது போக வேணாம்னுதான் நெனச்சேன். இப்போ போகணும்னு தோணுது. நீ கையைத் தூக்கினதும் எனக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல? அந்தப் பயம் என்னை விட்டுப் போகட்டும், அப்புறம் பாக்கலாம்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஏது வாய்? தலையாட்டினேன். இழந்தது இழந்ததுதான், என் கையாலேயே இழந்தேன்.

வாசலில் போய் நின்றாள். செருப்பு மாட்டின பிறகும் நின்றாள். பழக்கம். நெற்றியைக் காட்டி நின்று பழகிய வாசல். என் கட்டைவிரல் துடித்தது. அந்த நெற்றியில் ஒரு சிலுவை போட்டு அனுப்ப மாட்டோமா என்று உயிர் தவித்தது. ஆனால் அதற்குக் கையைத் தூக்க வேண்டும், அவள் கண்ணுக்கு நேரே, அந்தத் தழும்புக்கு நேரே. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அதைப் பார்த்தாள். ஓரடி முன்னால் வந்தாள். “அப்படியே இரு” என்றாள். அவள் கையைத் தூக்கி, கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள். விரலில் சர்க்கரை பிசுபிசுத்தது.

தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பாதிப் படியில் திரும்பிப் பார்க்காமலே, “அடுத்த வருஷம் ஃபோர்க்ல சுருட்டும்மா” என்றாள்.

கீழே கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. “உள்ளே வா” என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். கையைப் பின்னாலிருந்து எடுக்காமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.